பதினோரு பச்சைப் புள்ளிகள்

இருக்கக் கூடாத இடத்தில் பதினோரு பச்சைப் புள்ளிகள் இருந்தன.

ஆரோக்கிய செல்வி நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். இமைகளைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் குனிந்து எண்ணினாள். பதினொன்றுதான். சுண்டெலியின் மூளையைத் தாள் கனத்துக்குச் சீவி ஒட்டியிருந்த கண்ணாடித் துண்டை வெளியே எடுத்து, ஓரத்துச் சீட்டைப் படித்தாள். எலி எண் முப்பத்தொன்று. அதற்குக் கீழே அவள் கையெழுத்திலேயே 'வாசல் இல்லை' என்று இருந்தது. வாசல் இல்லாத மூளைக்குள் பச்சை எப்படி வந்தது?

இது எவ்வளவு பெரிய தலைவலி என்பது புரிய வேண்டுமானால், அவள் செய்துகொண்டிருந்த வேலையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்லியாக வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை. ஊர்வம்பு எப்படிப் பரவும் என்று தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

ஒரு சுண்டெலியின் மூளையிலேயே ஏழு கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் மற்ற பல செல்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்பதை வெறுமனே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு நெரிசல். ஆனால் அந்தப் பாதையெல்லாம் அத்துப்படியான ஒருவன் உண்டு. வெறிநாய்க்கடி வைரஸ். நாய் காலில் கடித்தால், அந்த வைரஸ் காலுக்கு ஆணை கொடுக்கும் நரம்புக்குள் நுழையும். பிறகு அந்த நரம்புக்கு ஆணை கொடுக்கும் செல்லுக்கு, பிறகு அதற்கும் ஆணை கொடுக்கும் செல்லுக்கு. கேட்பவரிடமிருந்து சொன்னவரிடம், எப்போதும் பின்னோக்கி. ஊரில் ஒரு வம்பு கிளம்பினால், "உனக்கு யாரு சொன்னது?" என்று கேட்டுக்கொண்டே வீடு வீடாகத் திரும்பிப் போகிற ஆள் ஒருவர் இருப்பாரே, அவரைப்போல.

அந்த ஆளைப் பிடித்து, பல்லைப் பிடுங்கி, ஆராய்ச்சிக்காரர்கள் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். எப்படி என்றால், அந்த வைரஸ் செல்லுக்குள் நுழைவதும் அடுத்த செல்லுக்குத் தாவுவதும் அது போட்டிருக்கும் சட்டையின் பலத்தில்தான். முதலில் அந்தச் சட்டையைத் தைக்கும் மரபணுவை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில், செல்லைப் பச்சையாக ஒளிர வைக்கும் மரபணு ஒன்றைச் செருகினார்கள். பிறகு கோழிகளுக்கு வரும் ஒரு வைரஸின் சட்டையை மாட்டிவிட்டார்கள். கோழிச் சட்டை போட்டவனுக்கு எலியின் செல்களில் வாசல் கிடையாது. எங்கேயும் நுழைய முடியாது.

இப்போது நாம் விசாரிக்க விரும்பும் செல்களுக்கு மட்டும், உதவி வைரஸ் என்ற சாது ஒன்றின் மூலம், இரண்டு பொருள்களைக் கொடுத்தனுப்புவார்கள். ஒன்று, கோழிச் சட்டைக்காரனுக்கான வாசல். இன்னொன்று, அவனுடைய பழைய சட்டை. அவன் அந்த வாசல் வழியாக உள்ளே போவான், பழைய சட்டையை மாட்டிக்கொள்வான், ஒரு வீடு பின்னால் தாவுவான். தாவிய இடத்தில் அடுத்த சட்டை கிடையாது. அங்கேயே நின்றுவிடுவான். அவன் கால் வைத்த செல்லெல்லாம் பச்சையாக ஒளிரும். நாம் குறித்த செல்லோடு நேருக்கு நேர் பேசுகிறவர்கள் யார் என்பது அப்படியே தெரிந்துவிடும். இதைக் கண்டுபிடித்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

எலி முப்பத்தொன்றுக்குச் செல்வி உதவி வைரஸைக் கொடுக்கவே இல்லை. வேண்டுமென்றேதான் கொடுக்கவில்லை. வாசல் இல்லாத மூளையில் ஒரு புள்ளியும் ஒளிரவில்லை என்று காட்டினால்தான், வாசல் இருக்கும் மற்ற எலிகளில் பார்த்த பச்சையெல்லாம் உண்மை என்று நம்புவார்கள். அந்த மற்ற எலிகளில் அவள் ஒரு புதிய தொடர்பைப் பார்த்திருந்தாள். எலி முன்னங்காலை நீட்டித் தீனியை எடுக்க வைக்கும் செல்களிடம், பயத்தை ஆளும் பகுதியிலிருந்து சில செல்கள் நேராகப் பேசின. இதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. திருச்சியில் நடக்கவிருந்த மாநாட்டில் இதைக் காட்டுவதற்கான சுவரொட்டி அச்சாகி வந்து, அவள் மேசைக்குப் பின்னால் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், மக்காச்சோளக் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவில் இருந்தது அந்த ஆராய்ச்சி நிலையம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போது சன்னல் கண்ணாடி அதிரும்; அப்போது நுண்ணோக்கியில் படம் எடுக்கக் கூடாது என்று சுவரில் எழுதியே ஒட்டியிருந்தார்கள். அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரும் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டவர்கள். வரதராஜன்பேட்டையில் இருந்த செல்வியின் அம்மாவுக்கு மகள் செய்யும் வேலை கடைசிவரை பிடிபடவில்லை. "வெறிநாய் விஷத்தை எலிக்குப் போட்டு பச்சைக் கலர் பாக்குறாளாம்" என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

பதினோரு புள்ளிகளைப் பார்த்தது ஒரு சனிக்கிழமை. திங்கள்கிழமை காலை ஆய்வகத்தில் எல்லாரும் டீ குடிக்கும் நேரத்தில், தலைவர் பழனிவேல் சார் கேட்டார்.

"என்னம்மா செல்வி, முப்பத்தொண்ணு சுத்தமாதானே இருக்கு?"

"இல்ல சார். பதினொண்ணு இருக்கு."

டீக்கோப்பைகள் அப்படியே நின்றன. ஏழு பேர் அவளைப் பார்த்தார்கள்.

"எப்படி வரும்? வைரஸ் தொகுதி பதினாலுதானே? அதைச் சோதிச்சியா?"

"சோதிச்சேன் சார். வாசல் இல்லாத செல்லுல ஒண்ணுகூடப் பச்சையாகல. ஏடுல இருக்கு."

"வைரஸ் செய்யுறப்ப செல்லைக் கழுவுனது?"

"மூணு தடவை. அதுவும் ஏடுல இருக்கு சார்."

"அப்ப என்னதான் நடந்திருக்கும்?"

ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும்போல இருந்தது. வாய்க்கு முதலில் வந்ததை அவள் சொன்னாள்.

"கூண்டுல கார்டு மாறியிருக்கலாம் சார். வாசல் இருக்குற எலியை முப்பத்தொண்ணுன்னு எடுத்துக் கொடுத்திருக்கலாம்."

கூண்டும் கார்டும் காத்தாயியின் பொறுப்பு. அவள் அன்று அந்த அறையில் இல்லை.

காத்தாயி திருமானூர்க்காரி; முப்பத்தெட்டு வயது. விலங்குக் கூடத்தில் எலிகளுக்குத் தீனி போட வந்தவள், பார்த்துப் பார்த்தே மூளை சீவும் இயந்திரத்தையும் பழகிக்கொண்டாள். உறைய வைத்த மூளையைத் தாள் கனத்துக்குச் சீவும்போது சீவல் சுருண்டுகொள்ளும். அதை ஒற்றை மயிர்த் தூரிகையால் தட்டி நிமிர்த்தி, கிழியாமல் கண்ணாடியில் ஒட்டுவதற்கு அந்த நிலையத்தில் அவளைவிட்டால் ஆள் இல்லை. திருமானூர் பஸ்ஸில் கூட வருகிறவர்கள் "வெறிநாய்க்காரி வந்துட்டா, தள்ளி உக்காரு" என்று கேலி செய்வார்களாம். "ஊசி போட்டுக்கிட்டது நான்தான்டி. கடிச்சா உங்களுக்குத்தான் ஆபத்து" என்று பதில் சொல்வாளாம். செல்விக்கு அவள் அக்கா. அவளுக்குச் செல்வி, 'செல்வி'தான். "செல்வி, வாம்மா, உன் இருபத்தேழாம் நம்பர் சீவல் இன்னிக்கு அல்வாத் துண்டு மாதிரி வந்திருக்கு" என்பாள்.

அன்று மதியமே ஆபீஸிலிருந்து தாள் வந்தது. விசாரணை முடியும்வரை காத்தாயி விலங்குக் கூடத்துக்குப் போக வேண்டாம். கண்ணாடிச் சாமான் கழுவும் அறையில் இருக்கட்டும். அவளுடைய வேலை ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கும் ஒப்பந்தம். மார்ச் மாதம் புதுப்பிக்க வேண்டும். கோப்பில் 'விலங்குக் கூடத்தில் கவனக்குறைவு' என்று ஒரு வரி ஏறிவிட்டால் அது நடக்காது. இது எல்லாருக்கும் தெரியும். செல்விக்கும் தெரியும்.

அன்று சாயங்காலம் தாழ்வாரத்தில் காத்தாயி எதிரே வந்தாள். "எலி காதுல ஓட்டை பாத்துதான் மேடம் எடுத்துக் கொடுத்தேன். முப்பத்தொண்ணுக்கு இடது காதுல ஒண்ணு, வலது காதுல ரெண்டு" என்றாள். எலிக்குக் காதில் போடும் ஓட்டையை யாரும் மாற்ற முடியாது. ஆனால் அந்த எலி இப்போது முந்நூறு சீவல்களாகக் கண்ணாடியில் இருந்தது. சீவலில் காது ஏது?

'மேடம்' என்ற சொல் செல்விக்குச் சுருக்கென்று தைத்தது. "பாக்குறேன் அக்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரே வழி இருந்தது. வாசல் இல்லாத இன்னோர் எலியை, கூண்டிலிருந்து கண்ணாடிவரை அவளே தன் கையால் செய்து பார்ப்பது. செய்தாள். காதில் ஓட்டையைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள், இரண்டையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டாள். தொகுதி பதினாலிலிருந்து அதே அளவு ஊசி போட்டாள். ஏழு நாள் கழித்து மூளையை எடுத்துத் தானே சீவினாள். பாதிக்கு மேல் சுருண்டு கிழிந்தன. கிழியாமல் தப்பிய சீவல்களில் எண்ணினாள்.

ஒன்பது.

கார்டு மாறவில்லை. காத்தாயி மேல் தப்பு இல்லை. இது தெரிந்தது ஒரு புதன்கிழமை, பகல் பதினொரு மணிக்கு. அப்போதே எழுந்து நாற்பது அடி நடந்து பழனிவேல் சார் அறைக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. 'காரணத்தையும் கண்டுபிடித்துவிட்டு, இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம்' என்று நினைத்துக்கொண்டாள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது, கழுவும் அறை வாசலைத் தாண்டாமல் இருப்பதற்காகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு வெயிலில் போனாள். நியாயமாக நினைக்கிறவள் எதற்காக வெயிலில் சுற்ற வேண்டும்? இதை அவளே தன்னிடம் கேட்டுக்கொண்டாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்தாள்.

அந்த ஐந்து நாட்கள்தான் அவள் பிறகு எந்தக் காலத்திலும் யாரிடமும் பேச விரும்பாத நாட்கள்.

வேலையில் மட்டும் மூளை ஓடியது. கார்டு இல்லையென்றால் தொகுதிதான். தொகுதி பதினாலில் கோழிச் சட்டைக்காரர்களுக்கு நடுவே, பழைய வெறிநாய்ச் சட்டையோடு சிலர் கலந்திருக்க வேண்டும். பழைய சட்டைக்காரனுக்கு எலி மூளையில் எல்லா வாசலும் திறந்திருக்கும். ஊசி போட்ட இடத்துக்கு எங்கிருந்தோ நீண்டு வந்து முடியும் நரம்பின் நுனியைப் பிடித்து ஏறி, தூரத்திலிருக்கும் அதன் வீட்டைப் பச்சையாக்கிவிடுவான். அந்த வீடு நாம் குறித்த செல்லோடு பேசுவதாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் தெருவுக்கு வந்துபோகிறதாக இருந்தால் போதும். அப்படியானால் பயப் பகுதியிலிருந்து வந்த புதிய தொடர்பு? அவள் சுருட்டி வைத்திருந்த சுவரொட்டியின் பக்கம் திரும்பவில்லை.

ஆனால் தொகுதியைத்தான் சோதித்திருந்தாளே? ஏட்டைப் புரட்டினாள். வாசல் உள்ள செல்கள் ஒரு தட்டு, வாசல் இல்லாத செல்கள் ஒரு தட்டு. இரண்டிலும் ஆயிரம் மடங்கு நீர்க்க வைத்த துளி. முதல் தட்டில் இருநூற்றுப் பன்னிரண்டு பச்சை, இரண்டாவதில் பூச்சியம்.

இங்கேதான் அவள் கை நின்றது. ஆயிரம் மடங்கு நீர்க்க வைப்பது எதற்கு? முதல் தட்டை எண்ணுவதற்கு. நீர்க்காமல் விட்டால் தட்டு முழுக்கப் பச்சையாகி எண்ணவே முடியாது. இரண்டாவது தட்டில் எண்ண எதுவுமே இருக்கக் கூடாது. அதற்கு ஏன் நீர்க்க வேண்டும்? பத்தாயிரத்தில் ஒருவன் பழைய சட்டைக்காரன் என்று வைத்துக்கொள்வோம். இருநூறு பேர் கொண்ட துளியில் அவன் அகப்படவே மாட்டான். ஆனால் எலிக்குப் போகும் ஊசியில் நீர்க்காத வைரஸ் அல்லவா போகிறது! அதில் அவனைப் போலப் பத்து இருபது பேர் வருவார்கள். ஆண்டுக்கணக்காக அந்த ஆய்வகத்தில் இரண்டு தட்டுக்கும் ஒரே துளியைத்தான் விட்டுவந்தார்கள். குழாயை ஒரு முறை நிரப்பினால் இரண்டு தட்டுக்கும் ஆயிற்று என்ற சௌகரியம்.

உறைபெட்டியிலிருந்து தொகுதி பதினாலின் ஒரு சிறு குப்பியை எடுத்து உருக்கி, நீர்க்காமல், எலிக்குப் போடும் அதே அளவை வாசல் இல்லாத செல்களின் மேல் விட்டாள். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஆளில்லாத நிலையத்துக்கு வந்து பார்த்தாள். கருப்புத் தட்டில் பதினேழு பச்சைப் பொட்டுகள் மின்னின.

தொகுதி அசுத்தம். சரி, ஏன்?

சட்டை மாற்றுவது இப்படி நடக்கும். கோழிச் சட்டையைத் தைக்கும் செல்களைப் பத்துத் தட்டுகளில் வளர்த்து, அவற்றின் மேல் பழைய சட்டை போட்ட வைரஸை விட வேண்டும். உள்ளே போகிறவை பெருகி, கோழிச் சட்டையோடு வெளியே வரும். உள்ளே போகாமல் செல்லின் மேலும் தட்டின் அடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஆட்களை அறுவடைக்கு முன் விரட்டியாக வேண்டும். அதனால் ஆறு மணி நேரம் கழித்துச் செல்களைக் கழுவி, தட்டிலிருந்து பெயர்த்து, புதுத் தட்டுக்கு மாற்றுவார்கள். இப்படி மூன்று முறை. ஒவ்வொரு முறைக்கும் முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

ஏட்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. மூன்றிலும் அவள் போட்ட குறி இருந்தது. ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒன்றுக்குப் பின் ஒன்றாக.

வைரஸ் அறைக்குள் இரண்டு உறை மாட்டிய கையோடு பேனாவைத் தொட முடியாது. தொட்ட பேனா வெளியே வரக் கூடாது. அதனால் உள்ளே போகும் முன்பே எல்லாக் கட்டத்திலும் குறி போட்டுவிட்டுப் போவது அங்கே எல்லாருக்கும் பழக்கம். செய்யப் போவதுதானே!

தேதியைப் பார்த்தாள். ஊர்ச் சர்ச் திருவிழாவின் எட்டாம் நாள். அன்றைய நவநாள் பூசையின் உபயம், அதாவது செலவை ஏற்பது, அவர்கள் வீட்டு முறை. அம்மா காலையிலிருந்து நான்கு முறை கூப்பிட்டிருந்தார். "பொழுது சாயறதுக்குள்ள வந்துடு. கொடி புடிச்சுட்டு முன்னாடி நிக்க வூட்டுப் புள்ள இல்லைன்னா நல்லாவா இருக்கும்?" மூன்றரை மணி பஸ்ஸை விட்டால் அரியலூரில் ஜெயங்கொண்டம் பஸ் கிடைக்காது. முதல் கழுவல் முடிந்தபோது மணி இரண்டே முக்கால். செல்களுக்குப் புதுத் திரவத்தை ஊற்றி, தட்டுகளை இன்குபேட்டருக்குள் வைத்தாள். 'அதான் ஒரு தடவை நல்லா அலசியாச்சே' என்று நினைத்தது இப்போது சொல் மாறாமல் நினைவுக்கு வந்தது. மறந்திருந்தாள் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருந்தாள்; மூன்று குறிகள் அதற்கு உதவின.

ஆனாலும் கடைசியாக ஓர் ஆசை மிஞ்சியிருந்தது. ஒருவேளை வேறு நாளாக இருந்தால்? இதைச் சரிபார்க்க ஓரிடம் உண்டு. ஒவ்வொரு கழுவலிலும் மிஞ்சும் பத்துப் பழைய தட்டுகள் ஒரு சிவப்புப் பையில் போகும். பைகளை மறுநாள் ஆட்டோகிளேவில் அவித்துவிட்டுத்தான் வெளியே போடுவார்கள். எத்தனை பை என்று எழுதி வைக்கும் நோட்டு, கழுவும் அறையில் இருந்தது.

திங்கள்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த அறைக்குள் போனாள். காத்தாயி ஒரு குடுவையை அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மேடம்."

"அக்கா, ஆட்டோகிளேவ் நோட்டு வேணும்."

"அலமாரியில இருக்கு."

செல்வி பக்கங்களைப் புரட்டினாள். திருவிழாவுக்கு மறுநாள். காத்தாயியின் உருண்டையான எழுத்து: 'வைரஸ் அறை, சிவப்புப் பை 1.'

தண்ணீர்க் குழாய் மூடப்பட்டது.

"ஒண்ணுதான் மேடம். கூடத்துப் பையோட சேத்து நான்தான் எடுத்தேன். மூணு இருக்கணுமேன்னு குனிஞ்சு மேசைக்கடியிலகூடப் பாத்தேன்."

"அக்கா... உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"பை ஒண்ணுங்கிறது அப்பவே தெரியும். அதுக்கும் எலி பச்சையாகிறதுக்கும் சம்பந்தம் இருக்குன்னு எனக்கு எங்க தெரியும்? இங்க வந்து நாள் பூரா குடுவை கழுவுனப்பத்தான் யோசிச்சேன். ஒரு தண்ணி, ரெண்டு தண்ணி, மூணு தண்ணி. மூணாவது தண்ணி வரைக்கும் நுரை இருக்கு மேடம்."

"ஏன் அக்கா சொல்லல?"

காத்தாயி குடுவையைக் கவிழ்த்து வைத்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தாள்.

"கார்டை நான் மாத்திட்டேன்னு யாரு சொன்னதுன்னு வாட்ச்மேன் கண்ணையன்கிட்ட கேட்டேன். ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்கன்னாரு. ஆபீஸ்ல ஜெயலட்சுமியக்காகிட்ட கேட்டேன். சார்தான் சொன்னாருன்னாங்க. சாருக்கு முன்னாடி யாருன்னு நான் கேக்கல. அடுத்த வூடு உங்க வூடுதான்னு தெரிஞ்சுபோச்சு. அதோட நின்னுட்டேன்." அடுத்த குடுவையைக் கையில் எடுத்தாள். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். இன்னொரு எலி செஞ்சீங்களே, கிழிஞ்ச சீவல் ஒட்டின கண்ணாடியெல்லாம் கழுவ எங்கிட்டதானே வந்துச்சு. அது எந்தக் கிழமை?"

"போன புதன்கிழமை."

"இன்னிக்கு திங்கக்கிழமை."

செல்விக்குக் காதுவரை சூடேறியது. தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மன்னிப்பு என்ற சொல் வாயில் வந்தது. ஐந்து நாள் கழித்துச் சொல்ல அது ரொம்பச் சின்னதாக இருந்தது.

"இப்பவே சார் ரூமுக்குப் போய்ச் சொல்றேன் அக்கா."

"சார் ரூமுல வேணாம்." காத்தாயியின் குரல் உயரவில்லை. "டீ குடிக்கிறப்ப எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? அங்கேயே சொல்லுங்க. நானும் வந்து நிக்கிறேன். போன தடவை நான் இல்ல."

பத்து மணிக்கு எல்லாரும் கூடினார்கள். காத்தாயி கதவருகே நின்றாள். முறுக்குத் தட்டு சுற்றிக்கொண்டிருந்தது. செல்வி எழுந்து நின்றபோது, ஏன் எழுந்து நிற்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை.

"கார்டு மாறல சார். மாறியிருக்கலாம்னு நான் சொன்னது தப்பு. எனக்கு அதுக்கு ஒரு ஆதாரமும் இல்ல. எல்லாரும் பாத்ததால வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தொகுதி பதினாலுல பழைய சட்டை வைரஸ் இருக்கு. நான்தான் ஒரு தடவை மட்டும் கழுவிட்டு பஸ்ஸுக்குப் போயிட்டேன். மூணு குறியும் கழுவுறதுக்கு முன்னாடியே போட்டது. காத்தாயி அக்கா மேல தப்பில்லன்னு போன புதன்கிழமையே தெரியும். சொல்லாம இருந்துட்டேன்."

லாரி ஒன்று போனது. சன்னல் அதிர்ந்தது.

பழனிவேல் சார் கண்ணாடியைக் கழற்றினார். திட்டுவார் என்று செல்வி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

"சுவரொட்டி?"

"வேணாம் சார். மாநாட்டுக்காரங்களுக்கு நானே எழுதி வாபஸ் வாங்கிடுறேன். பதினாலாம் தொகுதியில செஞ்ச ஒன்பது எலியும் செல்லாது."

"ஏழு மாச வேலைம்மா."

"ஆமா சார்."

அவர் கதவுப் பக்கம் திரும்பினார். எழுந்து நின்றார். "காத்தாயி, நான் உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காம தாள் அனுப்பிட்டேன். கோப்புல அந்த வரி இருக்காது. இன்னிக்கே கூடத்துக்குப் போம்மா."

"போறேன் சார்" என்றாள் காத்தாயி. பிறகு, "முன்னாடியே குறி போடுறவங்க இங்க எத்தனை பேருன்னும் கேட்டுடுங்க சார். நான் சரியாத்தான் எடுத்துக் கொடுத்தேன், எலிங்களுக்கு எம்மேல கோவம் இருக்காது. ஆனா அதுங்க செத்தது வீணாப் போச்சு" என்றாள்.

அவர் கேட்டார். ஒவ்வொன்றாக ஆறு கைகள் உயர்ந்தன. கடைசியில் தம்முடைய கையையும் அவர் உயர்த்தினார்.

அந்த ஆறு கைகள் செல்விக்கு ஆறுதலாக இல்லை. அவர்கள் குறி போட்டுவிட்டுக் கழுவியவர்கள். அவள் குறி போட்டுவிட்டு, பஸ் ஏறிப் போய், கொடி பிடித்து ஊர் முன்னால் நின்றவள். அன்று பாதிரியார் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தது நினைவு வந்தபோது, உச்சந்தலையைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

தொகுதி பதினைந்தை மறு வாரம் செய்தார்கள். செல்வி வைரஸ் அறையின் கண்ணாடிச் சன்னலுக்கு உள்ளே. பேனாவும் ஏடும் கண்ணாடிக்கு வெளியே, காத்தாயியின் மடியில். பகல் இரண்டு மணிக்கு முதல் கழுவல். பழைய தட்டுகளைச் சிவப்புப் பையில் போட்டுக் கட்டி, பையைத் தூக்கிக் காட்டினாள் செல்வி. வெளியே பேனா ஒரு முறை அசைந்தது. இரண்டாவது பை. மூன்றாவதைத் தூக்கிக் காட்டியபோது மணி நாலே கால். காத்தாயி உடனே குறி போடவில்லை. பையை நன்றாகத் திருப்பிக் காட்டும்படி விரலால் சைகை செய்தாள். செல்வி திருப்பிக் காட்டினாள். பத்துத் தட்டுகளையும் எண்ணிவிட்டுத்தான் பேனா நகர்ந்தது.

வெளியே வந்தபோது, "டீ குடிக்கலாமா அக்கா?" என்று கேட்டாள்.

"எனக்குப் பஸ் இருக்கு மேடம்" என்றாள் காத்தாயி, ஏட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு.

அறுவடை செய்த வைரஸை நீர்க்காமல் வாசல் இல்லாத செல்களில் விட்டார்கள். மூன்றாம் நாளும் பூச்சியம், ஐந்தாம் நாளும் பூச்சியம். பிறகு வாசல் இல்லாத எலி ஒன்று, எண் நாற்பது. காத்தாயி சீவிய முந்நூறு சீவல்களையும் செல்வி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். ஒரு பச்சைகூட இல்லை.

அதன் பிறகு வைரஸ் அறைக் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

பழைய சட்டை வைரஸை விட்டு ஆறு மணி நேரம் கழித்து, செல்களை மூன்று முறை கழுவி, மூன்று முறையும் புதுத் தட்டுக்கு மாற்ற வேண்டும். அறுவடையை எலிக்குப் போடும் அதே அளவில், நீர்க்காமல், வாசல் இல்லாத செல்களில் சோதிக்க வேண்டும். ஐந்து நாளில் ஒன்று பச்சையானாலும் அந்தத் தொகுதியைக் கொட்டிவிட வேண்டும். உள்ளே கழுவுகிறவர் குறி போடக் கூடாது. கண்ணாடிக்கு வெளியே இருப்பவர், பையைப் பார்த்த பிறகு போட வேண்டும்.